கண்மாய்க்கு எதிர்க்கரையில் நின்ற நீலப் புள்ளி

நம்மை நோயாளி வீடுகளுக்கு அனுப்புகிற நர்ஸ் சிஸ்டர் என் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார்கள். புதுசாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளை ஒரு நாள் உட்கார வைக்கப் போகிறோம், நீங்கள் வந்து உங்கள் அனுபவத்தை நாலு வார்த்தை பேசுங்கள் என்றார்கள். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பத்துப் பேர் பார்க்க எழுந்து நின்றால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தாரேன், யாராவது சத்தமாக வாசித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அஞ்சாப்பு வரைக்கும் படித்தவள் எழுத்து. பிழை இருந்தால் வாசிக்கிற பிள்ளை திருத்திக்கொள்ளட்டும்.

புண் துடைக்கிறது, டியூப் வழியாகக் கஞ்சி விடுகிறது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் போடுகிறது எல்லாம் சிஸ்டர் சொல்லித் தருவார்கள். வீட்டோடு கிடக்கிற நோயாளியைப் பார்க்கிற இந்த வேலையில் நான் சொல்ல வந்தது அதைப் பற்றி இல்லை. அந்த வீட்டுக்குப் போய்ச் சேருகிறதைப் பற்றி. ஸ்கூட்டி வைத்திருக்கிற பிள்ளைகள் இந்த இடத்தில் கொஞ்சம் கண்ணசந்தாலும் பரவாயில்லை. பஸ்ஸை நம்பிப் போகிறவர்கள் கேளுங்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதுசில் என்னோடு ஒரு மூத்த அக்கா இருந்தார்கள். அவிய பேச்சே அப்படித்தான், வெட்டொன்று துண்டு ரெண்டு. "மருந்து ஒரு வேளை மறந்து போச்சுன்னா திட்டோட போயிரும். நோயாளி தனியாக் கெடந்து ஏதாவது ஆச்சுன்னா, அது நம்ம கட்டையோடதான் போகும்" என்பார்கள். வேலையை ஆள் மாற்றிவிடுகிறபோது கைக்குக் கை மாறணும் என்பதும் அவிய சொன்னதுதான். அடுத்த ஆள் வந்து, நோயாளி முகத்தைப் பார்த்து, சரி நீ போ என்று சொன்ன பொறவுதான் இருக்கிற ஆள் செருப்பை மாட்டணும். இதை இந்த வேலையில் தெரியாதவர்கள் கிடையாது. ஆனால் பஸ் நேரம் என்று ஒன்று இருக்கிறதே. அது நம்ம சட்டத்துக்குக் கட்டுப்படாது.

எனக்கு ராஜபாளையம். வீட்டு வேலை பார்த்து, மில்லில் கழிவுப் பஞ்சு பிரித்து, பொறவுதான் இதற்கு வந்தேன். எங்கே அனுப்பினாலும் போவேன். தேவதானம் போயிருக்கிறேன், வத்திராயிருப்பு போயிருக்கிறேன், ஸ்ரீவில்லிபுத்தூரில் பாதித் தெரு போயிருக்கிறேன். ஆனால் வழி கேட்க மட்டும் வாய் வராது. கண்டக்டரிடம் இந்தப் பஸ் நிற்குமா என்று கேட்பதற்கு நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. பக்கத்தில் ஏறுகிறவர்கள் கேட்பார்கள் என்று காத்துக்கொண்டு நிற்பேன். யாரும் கேட்காமல் பஸ்ஸே போய்விட்ட நாளும் உண்டு.

அப்படி இருக்கையில் என் மகள் ஒரு டச் போன் வாங்கித் தந்து, அதில் மேப்பைத் திறந்து காட்டினாள். எந்தப் பஸ், எங்கே ஏறணும், எம்புட்டு நேரம் ஆகும், எல்லாம் அதுவே சொல்கிறது. தமிழிலேயே பேசுகிறது. யாரிடமும் வாய் திறக்க வேண்டாம். என்னை மாதிரி ஆளுக்கு அது சாமி கொடுத்த வரம் மாதிரி இருந்தது. உங்களில் சில பிள்ளைகள் தலை நிமிராமல் போனையே பார்த்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பதைப் பார்க்கிறேன். சோம்பல் என்று மற்றவர்கள் சொல்லலாம். எனக்குத் தெரியும், அது பாதி கூச்சம்.

அது தப்புத் தப்பாகச் சொல்வதும் சீக்கிரமே தெரிந்தது. புதுப் பஸ் ஸ்டாண்டில் நில் என்று சொல்லும், வண்டி பழைய பஸ் ஸ்டாண்டில் இருந்து போய்விடும். தேவதானத்துக்கு அரை மணி என்று காட்டும், நான் போய்ச் சேர ஒரு பொழுது ஆகிவிடும். ஒரு தடவை சேத்தூரில் நின்று போனையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பூ விற்கிற பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"ஆச்சி, உங்க போனு காருல வருது. நீங்க பஸ்ஸுல வாரீக. எப்படிச் சேரும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். ஆனால் போனை விடவில்லை. அது கார் நேரம்தான் காட்டுகிறது என்று தெரிந்த பொறவும், கண்டக்டரிடம் கேட்பதற்கு அதுவே தேவலை என்றுதான் இருந்தது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

சுந்தரபாண்டியம் பக்கம் ஒரு சின்ன ஊர். பெயர் வேண்டாம், அந்த வீட்டில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே ஒரு அய்யா. மில்லில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. சம்சாரம் முன்னமே தவறிவிட்டார்கள். ஒரே மகள், கோயம்புத்தூரில் வேலை. அய்யாவுக்கு விழுங்குகிற சக்தி குறைவு. சளி தொண்டையில் தேங்கும். தலையணை அடுக்கிச் சாய்த்து வைத்திருக்கணும், சரிந்து மல்லாந்துவிட்டால் பக்கவாட்டில் ஒருச்சாய்த்து வாயைச் சுத்தம் பண்ணணும், இல்லாவிட்டால் மூச்சு அடைத்துவிடும். சளியை உறிஞ்சி எடுக்க ஒரு சின்ன மிஷின் வாங்கி வைத்திருந்தார்கள். அவரால் யாரையும் கூப்பிட முடியாது. கையைத் தட்டக்கூட முடியாது. இதை மனசில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

அந்த வீட்டை நானும் செல்லக்கனியும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். செல்லக்கனிக்கு மம்சாபுரம். என்னைவிட ரொம்பச் சின்னவள், வேலையில் கெட்டி. அந்த ஊருக்குள் வருகிற டவுன் பஸ் காலையில் ஒரு தடவை, பொழுது சாயும் முன்னால் ஒரு தடவைதான். வந்து நின்று, திரும்பி, அப்படியே போய்விடும். நான் வந்து இறங்குகிற பஸ்ஸில்தான் அவள் ஏறியாகணும். வீட்டில் முகம் பார்த்துக் கை மாற்றிவிட்டு ஓடினால் பஸ் இருக்காது. அதனால் நாங்கள் இரண்டு பேருமாக ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். பஸ் ஊர் முனை திரும்புகிற ஹாரன் கேட்டதும் அவள் அய்யாவைச் சரியாகச் சாய்த்து வைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸடிக்கு வருவாள். நான் படியை விட்டு இறங்குவேன், சாவி அவள் கையில் இருந்து என் கைக்கு வரும், அவள் ஏறுவாள். நான் தெருவைத் தாண்டிப் போய்க் கதவைத் திறப்பேன். ஒரு வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம்தான் அவர் தனியாக இருப்பார். தப்பு என்று இரண்டு பேருக்கும் தெரியும். வேறு வழியும் தெரியவில்லை.

ஒருவேளை இரண்டு பேரும் பார்க்க முடியாமல் போனால் சாவியை வாசல் கரண்டு மீட்டர் பெட்டிக்குள் போட்டுவிடுவது என்றும் பேசி வைத்திருந்தோம். அந்த இடம் எங்கள் இரண்டு பேருக்கும், கோயம்புத்தூர் மகளுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. சாவி இருக்கிற இடத்தை வெளியே விடக்கூடாது என்பது நம்ம வேலையில் சத்தியம் மாதிரி. உங்களுக்கும் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

பொறவு என் கைக்கு டச் போன் வந்தது. நான் இருக்கிற இடத்தை அவளுக்கு அனுப்பிவிடலாம் என்று செல்லக்கனிதான் கண்டுபிடித்தாள். நான் பஸ்ஸில் வர வர, அவள் போனில் ஒரு நீலப் புள்ளி நகர்ந்து வரும். ஹாரனுக்குக் காது கொடுத்துக்கொண்டு இருக்க வேண்டாம். எங்களுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது.

அன்றைக்குத் தை அமாவாசை. அமாவாசை என்றால் சதுரகிரி மலைக்கு எங்கெங்கேயோ இருந்து கூட்டம் வரும் என்று எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் மதியத்துக்கு மேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் எங்கள் டவுன் பஸ் வரவில்லை. போனில் பார்த்தால் பஸ் உண்டு என்று காட்டுகிறது. காத்துக்கொண்டே இருக்கிறேன், அதுவும் உண்டு உண்டு என்கிறது. அந்தப் பஸ்ஸை மலைக்கு ஸ்பெஷலாக எடுத்துவிட்டார்கள் என்பது அங்கே முறுக்கு விற்கிறவருக்குத் தெரியும், கீழே உட்கார்ந்திருந்த கிழவருக்குத் தெரியும். நான் யாரிடமும் கேட்கவில்லை.

செல்லக்கனி கூப்பிட்டாள். அவள் பிள்ளைக்குக் காலையில் இருந்து காய்ச்சல் ஏறிக்கொண்டே இருக்கிறது, பக்கத்து வீட்டில் விட்டிருக்கிறாள், அவர்கள் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார்கள். வாரேன் தாயி, கிளம்பிட்டேன் என்று சொல்லி, வழக்கம்போல் நான் இருக்கிற இடத்தை அவளுக்கு அனுப்பிவிட்டு மேப்பைத் தட்டினேன். வத்திராயிருப்பு ரோட்டில் போகிற எந்தப் பஸ்ஸும் ஊர்ப் பாதை பிரிகிற விலக்கைத் தாண்டித்தான் போகும், விலக்கில் இறங்கி நடந்தால் ஊர், என்று கோடு போட்டுக் காட்டியது. அந்த நேரம் ஒரு பஸ் வந்து நின்றது. கண்ணாடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க விடாமல் கூட்டம். கூட்டமே என்னை உள்ளே ஏற்றிவிட்டது.

கிருஷ்ணன்கோவில் தாண்டின பொறவுதான் கண்டக்டர் என் பக்கம் வர முடிந்தது. நான் ஊர்ப் பெயரைச் சொன்னேன். எனக்கே கேட்காத குரல். அவர் மூன்று தடவை கேட்டு வாங்கினார்.

"இது அமாவாசை ஸ்பெஷல் ஆச்சி. இடையில எங்கேயும் நிக்காது. வத்திராப்புல எறங்கி ஆட்டோ பிடிச்சு வாங்க. ஏறும்போதே கேட்டுருக்கலாம்ல?"

விலக்கு ஜன்னலில் வந்து, போய்விட்டது. நான் வாய் திறக்கவில்லை. மனசுக்குள் கணக்குப் போட்டேன். வத்திராயிருப்பு போய்த் திரும்பி வர நேரம் ஆகும், ஆனால் செல்லக்கனி இருக்கிறாள், நான் போகாமல் அவள் கிளம்ப மாட்டாள், அவளுக்குத்தான் கஷ்டம், அய்யாவுக்கு ஒன்றும் இல்லை. அவளுக்குச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன்.

எடுத்த அதே நேரம் பஸ் கண்மாய்க் கரையோரம் திரும்பியது. அந்த ஊருக்கும் ரோட்டுக்கும் நடுவில் கண்மாய்தான். தை மாசம், தண்ணீர் முட்டக் கிடந்தது. அக்கரையில் வீடுகள், அதில் அய்யா வீட்டு மாடியில் இருக்கிற கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகூடத் தெரிந்தது. போன் என் கையில் இருந்தபடியே சத்தமாகப் பேசியது.

"நீங்கள் சேர வேண்டிய இடத்தை அடைந்துவிட்டீர்கள்."

பஸ் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்தில் இருமுடி வைத்திருந்த ஒருவர், "ஆச்சி சேந்துட்டாகளாம்ப்பா, எறக்கி விடுங்க" என்றார். பின்னால் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய், அதை அமுக்கப் பார்த்தால், செல்லக்கனி குரல் அனுப்பியிருக்கிறாள். காதில் வைத்துக் கேட்டேன்.

"அக்கா, உங்க புள்ளி வீட்டுப் பக்கத்துல வந்துட்டு. அமாவாசைக்குன்னு மினி பஸ் ஒண்ணு வந்து திரும்புது, இதை விட்டா எனக்கு வேற இல்ல. அய்யாவுக்கு இப்பத்தான் கஞ்சி குடுத்தேன், சாச்சு வச்சிருக்கேன். சாவி பெட்டியில கெடக்கு. சீக்கிரம் போயிருங்க."

பிள்ளைகளே, போனில் பார்த்தால் நான் அந்த வீட்டு ஓரத்தில்தான் நிற்கிறேன். புள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. அந்த ஒரு விரலுக்குள் ஒரு கண்மாய்த் தண்ணீர் கிடக்கிறது என்பது அதில் இருந்தது, இளநீலமாக. அவளுக்குப் பிள்ளை நினைப்பு. அந்த நீலத்தை அவள் எப்படிப் பார்ப்பாள்? கஞ்சி கொடுத்த வயிறு. சரிந்தால் மேலே ஏறும். பூட்டின வீடு.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இன்றைக்கும் சரியாகத் தெரியாது. நிறுத்து என்று கத்தியிருப்பேன். ஆள் செத்துப் போகும் என்று சொன்னது மட்டும் நினைவு இருக்கிறது. சிரித்துக்கொண்டிருந்த அந்த இருமுடிக்காரர்தான் பஸ் தகரத்தை ஓங்கித் தட்டினார். டிரைவர் நிறுத்தினார். கண்டக்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை, என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

இறங்கி நின்ற இடம் கண்மாயின் கலிங்கல் பக்கம். நிறைந்த தண்ணீர் அந்தச் சுவர் மேலாக வழிந்து ஓடுகிறது. செல்லக்கனியைக் கூப்பிட்டேன். எடுத்தாள். நான் இன்னும் வீட்டுக்கு வந்து சேரவில்லை என்றேன். "அய்யோ அக்கா, மினி பஸ் ரோட்டுக்கு வந்துட்டே" என்றாள். இறங்கித் திரும்பி ஓடி வாரேன் என்று வைத்துவிட்டாள். கோயம்புத்தூருக்கு அடித்தேன், மகள் எடுக்கவில்லை. அந்த ஊரில் வேறு யார் நம்பராவது இருக்கிறதா? இல்லை. எத்தனை நாள் அந்தத் தெரு வழியாகத் தலை குனிந்து போயிருக்கிறேன், எதிர்த்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது.

போன் வழி காட்டியது. கலிங்கல் மேலாக நடந்தால் அக்கரை, கொஞ்ச தூரம்தான் என்று புள்ளி புள்ளியாகக் கோடு. கரை வழியாகச் சுற்றினால் எம்புட்டோ ஆகும். நான் சேலையைத் தூக்கிச் செருகிவிட்டேன். ஒரு காலை வைத்தும்விட்டேன். அறுத்த வயலில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆள் தெலுங்கும் தமிழுமாகச் சத்தம் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். நேற்று அவருடைய வாத்தே இரண்டு அதில் இழுத்துக்கொண்டு போய்விட்டதாம், அடியில் எல்லாம் பாசி, கால் நிற்காது.

நான் போனை அவருக்குக் காட்டினேன். பாதை இருக்கிறது என்று காட்டினேன். அவர் போனைப் பார்க்கவே இல்லை, தண்ணீரைக் கையால் காட்டினார்.

அந்த இடத்தில் நான் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. உங்களுக்கும் ஒரு நாள் வரும், அதனால் சொல்கிறேன். பயத்தில் கால்தான் முதலில் ஓடப் பார்க்கும். நாமே போய்ச் சேர்ந்தால்தான் ஆச்சு என்று தோன்றும். நான் அந்தத் தண்ணீரில் இறங்கியிருந்தால் இரண்டு உயிர். அய்யாவுக்கு வேண்டியது நான் இல்லை. அவரை ஒருச்சாய்க்க ஒரு கை. யார் கையாக இருந்தால் என்ன?

அக்கரைப் படித்துறையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். வாத்துக்காரரிடம் கூப்பிடச் சொன்னேன். அப்போதும் என் வாய் முந்தவில்லை பாருங்கள். அவர் இரண்டு கையையும் வாயில் வைத்துக் கூப்பிட்டார். அவர் வாத்தைக் கூப்பிடுகிறார் என்று நினைத்து அந்தப் பெண்கள் சிரித்தார்கள், ஒருத்தி வாத்து மாதிரியே பதில் கொடுத்தாள்.

கலிங்கல் இரைச்சலை விட்டுக் கரை மேல் கொஞ்ச தூரம் ஓடினேன். நின்றேன். என் வயசில் நான் அப்படி ஒரு சத்தம் போட்டது கிடையாது, பிள்ளை பெற்றபோதுகூட.

"ஏத்தா, மாடித்தொட்டி வீட்டு அய்யா தனியாக் கெடக்காரு. போய்ப் பாருங்கத்தா."

ஒருத்தி நிமிர்ந்தாள். பூட்டியிருக்குமே என்று கை காட்டிக் கேட்டாள்.

அந்த நேரம் என் பக்கத்தில் ஊர் தெரியாத ஒரு வாத்துக்காரர். அக்கரையில் அத்தனை பேர். கரையில் சைக்கிளில் போகிற ஒரு ஆள் வேறு நின்று பார்க்கிறார். உள்ளே பீரோ இருக்கிறது, தவறிப்போன அந்த அம்மாவின் நகை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் ஒரு மூச்சு யோசித்தேன். அந்த ஒரு மூச்சுக்காக இன்றைக்கும் எனக்குப் பயமாக இருக்கிறது.

"மீட்டர் பெட்டிக்குள்ள சாவி கெடக்கு. தொறந்து போங்க. ஒருச்சாச்சுப் படுக்க வச்சு வாயைத் தொடைங்க."

அவர்கள் நின்றார்கள். யாரும் நகரவில்லை. பொறவு அந்த ஒருத்திதான் சொன்னாள். தண்ணீர் மேல் அவள் குரல் தெளிவாக வந்தது.

"அந்த வீட்டுப் படி நாங்க ஏறுனதில்லையே ஆச்சி."

ஏன் என்று நான் கேட்கவில்லை. அது உங்களுக்கும் தெரியும். "நான் சொல்லுதேன், ஏறு தாயி. எது வந்தாலும் எம்மேல போடு" என்று கத்தினேன். அவள் கையில் இருந்த துணியைக் கல்லில் போட்டுவிட்டு ஓடினாள். அவள் பின்னால் இன்னும் ஒருத்தி.

அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. கரை வழியாக நடந்தேன், ஓடினேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். சீமைக்கருவேல முள் காலில் ஏறியதுகூட மறுநாள்தான் தெரிந்தது. பைக்குள் இருந்து போன் பேசிக்கொண்டே வந்தது, இடது பக்கம் திரும்பவும், இடது பக்கம் திரும்பவும் என்று. இடது பக்கம் தண்ணீர்தான். ஊர்ப் பாதை சேருகிற இடத்தில் செல்லக்கனி ஓடி வந்தாள், செருப்பு இரண்டும் கையில். இரண்டு பேரும் சேர்ந்து ஓடினோம். தெரு வந்தது. வாசலில் ஆள் கூட்டம். கூட்டத்தைப் பார்த்ததும் செல்லக்கனி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வாசலில் ஆள் கூடினால் நம்ம வேலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

நான் உள்ளே போனேன்.

அந்தப் பெண் கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தாள். சேலையெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அய்யா தலை அவள் தொடையில், முகம் ஒருச்சாய்ந்து இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது, அப்போதுதான் நிறம் திரும்பத் தொடங்கியிருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. தலையணை எல்லாம் கீழே கிடந்தது. அவர் நன்றாகவே சரிந்திருக்கிறார்.

"கொரகொரன்னு இழுத்துக்கிட்டுக் கெடந்தாரு ஆச்சி. பிள்ளைக்குச் சளி கட்டுனா விரலை விட்டு எடுப்போம்லா, அப்படி எடுத்தேன். தப்பா?"

தப்பில்லை தாயி என்றேன். நான் மிஷினை எடுத்தேன், செல்லக்கனி எழுந்து வந்து வாங்கிச் செய்தாள். அவர் கண் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் உள்ளே வந்து நின்ற பொறவும் வாசலைத்தான் பார்த்தார். யாரைத் தேடினாரோ. அந்தப் பெண் இறங்கப் பார்த்தபோது, விழாத அந்த ஒரு கை அவள் ஈரச் சேலையைப் பிடித்துக்கொண்டது. விடவில்லை. அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் பூரணம் என்று அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

செல்லக்கனியை முதலில் பிள்ளையைப் பார்க்க அனுப்பினேன். வாசலில் நின்ற ஒருவரிடம் நானே கேட்டேன், அவர் பைக்கில் கொண்டுபோய் விட்டார். போகும்போது, கோயம்புத்தூர் அக்காவிடம் சொல்லிவிடாதீங்க, வேலை போயிரும் என்று அழுதாள். அவள் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அந்தப் பயம்தான். ஆனால் சாவி இருக்கிற இடத்தை ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது. அதை மறைத்துவிட்டு அந்த வீட்டில் ஒரு பொழுது தூங்க முடியாது. நானே கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸடியில் சாவி மாற்றுகிற எங்கள் பழக்கத்தையும் சொன்னேன். அப்பா இப்ப எப்படி இருக்காங்க என்றுதான் மகள் முதலில் கேட்டார். இருக்கிறார் என்றேன். யார் உள்ளே வந்தது என்று கேட்டார். பூரணம் என்றேன். சரி என்று போனை வைத்துவிட்டார்.

மகள் விடுமுறைக்கு வந்தபோது பூட்டை மாற்றினார்கள். எங்களை நிறுத்தவில்லை. ஆனால் அன்றில் இருந்து எங்களிடம் பேசுகிற பேச்சில் ஒரு தூரம் வந்துவிட்டது, அது கடைசி வரைக்கும் போகவில்லை. போகும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. இன்னொரு சாவியைப் பூரணத்திடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார்கள். கொண்டுபோனேன். அவள் கையை நீட்டவே இல்லை.

"சாவி வேண்டாம் ஆச்சி. நாளைக்கு ஒரு டம்ளர் காணலைன்னாலும் எங்களைத்தான் கேப்பாக. நம்பரைக் குறிச்சுக்கோங்க, கூப்பிட்டா வாரேன்."

அவள் சொன்னது நியாயம் என்று எனக்குப் பட்டது. நம்பரைக் குறித்துக்கொண்டேன்.

போனைத் தூக்கிப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நானும் போடவில்லை. இப்போது முழங்கால் போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிற காலத்திலும் அதில்தான் நீங்கள் யார் யார் எங்கே போகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு ரோடு தெரியும். இன்றைக்கு அமாவாசையா, பஸ்ஸை மலைக்கு எடுத்துவிட்டார்களா, இந்த வண்டி விலக்கில் நிற்குமா, கண்மாய் நிறைந்திருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. அது பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்குத் தெரியும். கேட்கணும். ஏறும் முன்னால் கேட்கணும். கூச்சமாக இருந்தால் கூச்சத்தோடு கேளுங்கள். எனக்கு அது வேலையை விட்ட நாள் வரைக்கும் போகவில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கேட்டேன்.

இன்னொன்று. சேர்ந்துவிட்டீர்கள் என்று போன் சொன்னாலும், புள்ளி வீட்டின் மேலேயே நின்றாலும், நோயாளி கண்ணை நீங்கள் பார்க்கிற வரைக்கும் நீங்கள் வரவில்லை. அடுத்த ஆள் கண்ணைப் பார்க்கிற வரைக்கும் நீங்கள் போகவும் இல்லை. பஸ் போனால் போகட்டும்.

அதற்குப் பொறவு நாங்கள் பஸ்ஸடியில் சாவி மாற்றவில்லை. நான் இறங்கினதும் படித்துறைப் பக்கம் பார்த்து, "பூரணம், நான் வந்துட்டேன்" என்று சத்தம் கொடுப்பேன். ஊரே கேட்கிற மாதிரி. அவள் குனிந்து துவைத்துக்கொண்டே, "கேட்டுச்சு ஆச்சி, உங்களுக்கு வாய் உண்டுன்னுதான் ஊருக்கே தெரியுமே" என்பாள். மற்ற பெண்கள் சிரிப்பார்கள். நான் வீட்டுக்குள் போய், அய்யா முகத்தைப் பார்த்து, செல்லக்கனியை அனுப்புவேன். அவள் பஸ் பிடிக்க ஓடுவாள், பல நாள் விட்டுவிட்டு ரோடு வரைக்கும் நடந்தே போவாள்.

அய்யா அதற்குப் பொறவும் ரொம்ப நாள் கிடந்தார். ஒரு நாள் நான் இறங்கிச் சத்தம் கொடுத்தபோது படித்துறையில் இருந்து பதில் வரவில்லை. பூரணம் அன்றைக்கு ஊரில் இல்லை, அவ்வளவுதான். ஆனால் வாசலில் ஆள் கூடியிருக்குமோ என்ற பயத்தில் அந்தத் தெருவை நான் எப்படிக் கடந்தேன் என்று எனக்கு நினைவே இல்லை.